மிருதுளாவுக்கு இரண்டு திரைகள்

ஆரப்பாளையத்தில் அப்பா வீட்டுத் திரையில் மிருதுளா நல்ல சிவப்பு. திருமங்கலத்தில் அம்மா வீட்டுத் திரையில் அதே மிருதுளா கன்னங்கரேல். செத்துப்போன பெண்ணுக்கு நிறம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று யாராவது கேட்டால் அவர் நம் பக்கத்து ஆள் இல்லை என்று அர்த்தம். நாம் சுவரில் மாட்டும் படத்தைக்கூட ஒரு சுற்று வெளுத்த பிறகுதான் மாலை போடுகிறவர்கள்.

அப்படி வெளுத்துக் கொடுத்தே வாழ்ந்தவர் தெய்வேந்திரன். மகள் பிறந்த வருடம் தொடங்கிய கடைக்கு 'மிருதுளா கலர் ஸ்டூடியோ' என்று பெயர். பெண் பார்க்கக் கொடுக்கும் படம் என்றால் சுற்றுவட்டாரம் முழுக்க அவரிடம்தான் வரும். அவர் செய்கிற வேலை கண்ணுக்குத் தெரியாது, அதுதான் அவருக்குப் பெருமை. மாவு பூசிய மாதிரி வெளுப்பது கத்துக்குட்டிகளின் வேலை என்பார். அவர் கை பட்டால் பெண் அதே பெண்ணாகத்தான் இருப்பாள், நல்ல நாளில் நல்ல வெளிச்சத்தில் நின்றவளாகத் தெரிவாள். யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே செய்வதுதான் மரியாதை என்று நினைத்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். காக்கைக்குக் கணிப்பொறி தெரியாததால் குஞ்சு தப்பித்தது. மிருதுளா தப்பிக்கவில்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவளை எடுத்த படம் ஒவ்வொன்றும் அவர் கையால் வெளுத்துத்தான் வெளியே வந்தது.

இறந்தவர்களை நிழலுருவாக வைத்துக்கொள்ளச் சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. படம், வீடியோ, குரல் பதிவு, ஆள் எழுதியது, பேசியது எல்லாவற்றையும் நிழலுரு வாரியத்தில் கொடுத்தால், அவர்கள் அதிலிருந்து ஓர் ஆளைத் திரட்டித் திரையில் உட்கார வைப்பார்கள். அது பேசும், சிரிக்கும், எதிரே இருப்பவரைப் பார்க்கும், முந்தா நாள் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைக்குக் கோபித்துக்கொள்ளும். ஒரே ஒரு கட்டுப்பாடு. செத்தவர் ஒருவர் என்றால் நிழலுருவும் ஒன்றுதான். திரைகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

மிருதுளாவுக்கு இரண்டு திரைகள் தேவைப்பட்டன. பஸ் விபத்தில் அவள் போன பிறகு தெய்வேந்திரனும் அவர் மனைவி குணவதியும் ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை. பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சோறு இறங்கவில்லை. குணவதி திருமங்கலத்தில் தம்பி வீட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

இப்போது வாரியம் சொல்கிறது, இரண்டு திரையிலும் இருப்பது ஒரே ஆள் இல்லை என்று. அதைச் சரிபார்க்க வாரியத்திலிருந்து ஸ்டூடியோவுக்கு வந்திருந்தவள் சபீனா. இளவயதுப் பெண். பேச்சில் பதமும் வேலையில் கறாரும் உள்ளவள். இரண்டு திரையும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்று அவள் முன்பே சொல்லிவிட்டதால், குணவதி தன் திரையைப் பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்திருந்தாள். ஸ்டூடியோவுக்குள் வந்தவள் கணவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

சபீனா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயிர்ப்பித்தாள். இரண்டு மிருதுளாக்கள் கண் திறந்தார்கள். இடப்பக்கம் இருந்தவள் சந்தன நிறத்தில் இருந்தாள். வலப்பக்கம் இருந்தவளின் முகத்தில் கண்ணும் பல்லும்தான் முதலில் தெரிந்தன.

"மிருதுளா, கல்யாணத்தப் பத்தி என்னம்மா நெனக்கிற?" என்று சபீனா கேட்டாள்.

"அப்பா பாத்து வச்சா சரிதான்க்கா. போட்டோவ மட்டும் மொத எனக்குக் காட்டச் சொல்லுங்க" என்று இடப்பக்கம் சிரித்தது.

வலப்பக்கம் பார்வையைக் கீழே இறக்கியது. பிறகு, "என்னைய யாருக்கா கட்டுவா? வேற பேசுவோம்" என்றது.

குணவதிக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் இதெல்லாம் சொல்லிக் குடுக்கலம்மா. என் கருவாச்சி, என் கருவாச்சின்னு கொஞ்சத்தான் செய்வேன். அவ உசுரோட இருக்கையிலயும் அப்பிடித்தான் கொஞ்சுவேன். ஒருநாளும் மொகஞ் சுளிச்சதில்ல."

"நீங்க சொல்லிக் குடுக்கலம்மா" என்றாள் சபீனா. "நிழலு எதிர்ல இருக்கவுக மொகத்தப் பாத்துத்தான் தன்னைய யாருன்னு தெரிஞ்சுக்கிரும். உங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க திரையப் பாத்து என்ன சொல்றாங்க?"

குணவதி யோசித்தாள். "என்ன சொல்லுவாக... கருப்பா இருந்தாலும் களையா இருக்காம்பாக."

"அந்த 'இருந்தாலும்' இருக்குல்ல, அத வச்சு அவ ஒரு ஆளாயிட்டா. இங்க வர்றவங்க தங்கச்சிலை, மகாலட்சுமின்னு சொல்லியிருப்பாங்க. இவ வேற ஆளாயிட்டா. ஆரம்பம் என்னமோ திரை வித்தியாசந்தான். சார் திரை ஸ்டூடியோவுக்குன்னு வாங்குன ஒசத்தி. உங்களோடது பழசு, நீலம் தூக்கலா இருக்கு. ஒரே நெறத்த ரெண்டும் ரெண்டு விதமாக் காட்டியிருக்கு. நீங்க ரெண்டு பேரும் அத ஆளுக்கொரு பக்கமாத் திருத்தியிருக்கீங்க."

"நான் ஒண்ணும் திருத்தல" என்றார் தெய்வேந்திரன்.

"வாரியத்துல இருந்து மொத வாரம் 'சரியா இருக்கா'ன்னு கேட்டிருப்பாங்களே சார். நெறத்தக் கூட்டிக் குறைக்கத் திரையில ஒரு கோடு வந்திருக்குமே."

கேள்வி வந்தது, கோடும் வந்தது. ஒரு துளிதான் தள்ளினார். கை தானாகப் போயிற்று.

சபீனா பையிலிருந்து உள்ளங்கை அளவு வட்டமான கருவி ஒன்றை எடுத்துத் திரையின் நடுவில் ஒட்டினாள். திரை சிவப்பைக் காட்டியது, பச்சையைக் காட்டியது, வெள்ளையிலிருந்து கருப்பு வரை படிப்படியாக இறங்கியது. கருவி ஒவ்வொன்றையும் அளந்தது. பிறகு அடுத்த திரை. முடிந்ததும் இரண்டிலும் ஒரு வாழையிலையின் படத்தைப் போட்டுக் காட்டினாள். ஒரே இலை, ஒரே பச்சை. படம் பார்த்தே பிழைத்த தெய்வேந்திரனின் கண்ணுக்குக்கூட ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியவில்லை.

"திரை ரெண்டும் இப்ப ஒண்ணுதான்" என்று சொல்லி மிருதுளாவைக் கூப்பிட்டாள்.

திரைகள் ஒத்துப்போனதும் பெண்கள் இன்னும் விலகிப் போனார்கள். அப்பாவின் மகள் ஜவுளிக்கடைப் பொம்மை போல இருந்தாள். அம்மாவின் மகளைப் பார்த்துக் குணவதியே எழுந்துவிட்டாள்.

"அய்யய்யோ, இம்புட்டுக் கருப்பு இல்லம்மா எம்புள்ள! என்ன செஞ்சு வச்சிருக்க?"

"நான் ஒண்ணும் செய்யலம்மா. உங்க பழைய திரை வெளுத்துக் காட்டுச்சு. அதுக்கு ஈடு கட்ட நீங்க கருப்பக் கூட்டி வச்சிருக்கீங்க. இப்பத் திரை சரியாயிருச்சு. நீங்க கூட்டுனது அப்பிடியே நிக்கிது."

"அப்ப எது சரி?"

"அதத்தான் நான் உங்களக் கேக்கணும்."

தன் கையை மேசைமேல் நீட்டிக் குணவதி சொன்னாள். "இந்தா, இந்த நெறந்தான். என்னைய மாதிரிதான் அவ. எல்லாரும் சொல்லுவாக."

"உன்னைய விட நல்ல நெறம்" என்றார் தெய்வேந்திரன். பல மாதங்களுக்குப் பிறகு மனைவியிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

குணவதி சபீனாவைப் பார்த்தே பதில் சொன்னாள். "கேட்டுக்கம்மா. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இதக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். புள்ள செத்தும் நிக்கல."

சபீனா இருவரையும் ஆற விட்டு, நிலைமையைச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டும் ஒன்றாக வேண்டும். ஒருவருடைய நினைப்பை வைத்து நிறம் தீர்மானிக்க விதி இடம் தராது. நிறம் மாறாத ஒரு படம் வேண்டும். கிடைக்கவில்லை என்றால், செத்த ஒருவருக்கு இரண்டு நிழலுரு இருக்கக் கூடாது என்பதால், இரண்டையும் அணைத்துவிடுவார்கள். அணைத்தால் திரும்ப எழுப்ப முடியாது.

"ரெண்டு தடவ சாகணுமா எம்புள்ள?" என்றாள் குணவதி. அழவில்லை. அழுது தீர்ந்த குரலாக இருந்தது.

படங்களைத் தேடினார்கள். வீட்டில் எடுத்தது எல்லாம் தெய்வேந்திரன் கைவண்ணம். பள்ளிக்கூட அட்டை, கல்லூரி அட்டை, அதற்கும் படம் அவர்தான் கொடுத்தார். தோழிகளுடன் கைபேசியில் எடுத்தவற்றை அந்தக் கைபேசியே கேட்காமல் வெளுத்து வைத்திருந்தது. அது இன்னொரு தெய்வேந்திரன். ஆதார் அட்டை ஒன்றுதான் யாரும் அழகு பார்க்காமல் எடுத்தது. அதில் மிருதுளா மட்டுமல்ல, இந்த நாட்டில் யாருமே மனிதராகத் தெரிவதில்லை. பத்தொன்பதோ இருபதோ அல்ல, இருபத்திரண்டு வருடம் உயிரோடு நடமாடிய பெண்ணுக்கு அவளுடைய நிறத்தில் ஒரு படம் இல்லை.

"பக்கத்துல நெற அட்டை வச்சு எடுத்த படம் ஏதாச்சும்?" என்று சபீனா கேட்டாள். "சின்னச் சின்னக் கட்டமா நெறம் அச்சடிச்ச அட்டை. அது கூட இருந்தாப் போதும், கேமரா என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் திருத்திரலாம். ஆஸ்பத்திரில எடுப்பாங்க. அடையாளம் தெரியாதவங்க வந்தா அப்பிடித்தான் எடுக்கணும்னு விதியே இருக்கு."

"ஆஸ்பத்திரில எடுத்தது செத்த பெறகு எடுத்ததும்மா" என்றாள் குணவதி. "அத நான் பாக்கவும் மாட்டேன்."

"அது உதவாதும்மா. உசுரு போனா நெறம் போயிரும். உசுரோட இருக்கையில எடுத்தது வேணும்."

"அப்பிடி ஒண்ணு இருந்திருந்தா போலீஸ்காரங்க எங்களுக்குக் காட்டியிருப்பாங்கல்ல? பாத்த ஒடனே நான் ஓடியிருக்க மாட்டேனா? எம்புள்ள பேரு தெரியாம ஊரு தெரியாம அங்க கெடந்துச்சும்மா, ரெண்டு மூணு நாளு மூச்சோட. காட்டுனோம் காட்டுனோம்னு அந்த ஏட்டு பொய் சொல்றான். காட்டவே இல்ல. இவருதான ஸ்டேஷனுக்குப் போனாரு. கேட்டுப் பாரு."

சபீனா தெய்வேந்திரனைப் பார்த்தாள். அவர் மேசையில் கிடந்த துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார்.

"காட்டல" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்க முடியும். சோறு போடுகிறவரும் சாப்பிடுகிறவரும் ஒரே வீட்டுக்காரராக இருந்தால், அவர் சொல்வதை அவள் நம்பினால், எவ்வளவு பெரிய பூசணிக்காயும் மறையும். அது உள்ளே கிடந்து அழுகுவதை மறைத்தவன் மட்டும் முகர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

குணவதி திரையை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனாள். சபீனாவும் போன பிறகு தெய்வேந்திரன் கடைக் கதவைப் பாதி இறக்கினார்.

அப்பாவின் மகளை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார். நிறத்தைக் குறைக்கும் கோட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். ஆயிரம் முகங்களைத் திருத்திய கண், தன் மகளின் நிறம் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமலா போய்விடும்? கொஞ்சம் இறக்கினார். போதவில்லை. இன்னும் இறக்கினார். கை நின்றது. அந்த இடத்துக்குக் கீழே போகவே மாட்டேன் என்றது. மறுபடி மேலிருந்து தொடங்கினார். மறுபடி அதே இடம். அது மிருதுளாவின் நிறமில்லை, அவர் கடையில் எல்லாப் பெண்களையும் கொண்டுபோய் நிறுத்தும் இடம்.

கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தார். சைக்கிள் கற்றுக்கொண்டு விழுந்த மிருதுளா, அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்த மிருதுளா, முதல் சம்பளத்தில் அவருக்குக் கைக்கடிகாரம் வாங்கிய மிருதுளா. எல்லாரும் வந்தார்கள். எல்லாரும் அவர் திருத்திய நிறத்தில் வந்தார்கள். குரல் சரியாக இருந்தது, சிரிப்பு சரியாக இருந்தது. பெற்ற மகளின் நிறம் அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு அப்போதுதான் பயம் வந்தது, மகள் செத்தபோதுகூட வராத பயம்.

ஆனால் அந்த நிறத்தை அவர் ஒருமுறை பார்த்திருக்கிறார்.

வங்கிப் பயிற்சிக்கு என்று திருச்சிக்குக் கிளம்பிய மிருதுளா, சொன்ன பஸ்ஸில் ஏறாமல் வேறு பஸ்ஸில் ஏறியிருந்தாள். அது நெடுஞ்சாலையில் கவிழ்ந்த சேதி வந்தபோது அது நம் பிள்ளை போன பஸ் இல்லை என்று இருவரும் மூச்சு விட்டார்கள். பிறகும் போன் எடுக்கவில்லை என்றதும் அவர் மட்டும் போலீஸுக்கு ஓடினார். குணவதி, மகள் வீட்டுக்கு வந்துவிட்டால் ஆள் வேண்டுமே என்று வாசலிலேயே இருந்தாள்.

ஏட்டு நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தன் மேசைத் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"பதறாமப் பாருங்க சார். பஸ் விழுந்த எடத்துல இருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன பொம்பளப் புள்ள. பையும் இல்ல, போனும் இல்ல. நெனவு இல்லாமக் கெடக்கு. உங்க மகளா பாருங்க."

தலை முழுக்கக் கட்டு. வீங்கிய முகம். வாயில் குழாய். தோளுக்குப் பக்கத்தில் கட்டம் கட்டமாக நிறம் அச்சடித்த ஓர் அட்டை. போர்வைக்கு வெளியே கருத்த கை ஒன்று. தெய்வேந்திரன் தான் கொண்டு போயிருந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போலீஸுக்குக் கொடுக்கிற படம் என்று கடையிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்து வந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தொழில்காரர் அல்லவா, நிறத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"இல்லைங்க" என்றார். அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. "இது யாரோ. எம்பொண்ணு நல்ல செவப்புங்க."

"நல்லாப் பாருங்க சார். அடிபட்ட மொகம், அடையாளம் மாறியிருக்கும்."

"இம்புட்டுக் கருப்பு இல்லைங்க எம்பொண்ணு."

அதற்குப் பிறகும் அவள் உயிரோடுதான் இருந்தாள். யாரோ ஒரு நர்ஸ் அவள் காதில் கிடந்த சின்னத் தோட்டைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பி, அது சுற்றிச் சுற்றிக் குணவதியின் கைபேசிக்கு வந்து சேர்ந்தபோது, ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாகியிருந்தது. பிணவறை வாசலில் தலையில் அடித்துக்கொண்டு குணவதி கேட்டாள், "உங்ககிட்டப் படத்தக் காட்டலியா? காட்டலியா?" என்று. அந்த நேரத்தில் அவருக்கு வாயில் வந்தது 'காட்டல' என்ற ஒரு வார்த்தைதான். அதன் பிறகு அதையே சொல்ல வேண்டியதாயிற்று. குணவதி அந்த ஏட்டின்மேல் புகார் கொடுத்தாள், மேலதிகாரிகளிடம் போய் நின்றாள். அந்த மனிதருக்குப் பதவி உயர்வு நின்றது என்று பின்னால் கேள்விப்பட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

தெய்வேந்திரன் கெட்டவர் இல்லை. அதுதான் இதில் உள்ள கஷ்டமே. கெட்டவராக இருந்தால் தூங்கியிருப்பார்.

மறுநாள் குணவதி வருவதற்கு முன்பே சபீனாவை வரச் சொன்னார். நின்றுகொண்டே சொல்லி முடித்தார். சபீனா அவர் பெயரில் ஆஸ்பத்திரிக்கு ஒரு கோரிக்கை அனுப்பினாள். பெற்றவர் ஒருவர் கேட்டால் ஆஸ்பத்திரி படத்தை அனுப்பும். சற்று நேரத்தில் அது வந்தது. தெய்வேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சபீனா மட்டும் பார்த்தாள்.

"நெற அட்டை நல்லாத் தெரியுது சார். போதும்."

"குணவதிக்கு இது எங்க கெடச்சதுன்னு தெரிய வேண்டாம்மா."

"நான் சொல்ல மாட்டேன். எதை வச்சுத் திருத்துனோம்னு ஒருத்தர் குடுத்தத இன்னொருத்தர்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு விதி. ஆனா ஒண்ணு சார்." அவள் தயங்கினாள். "நிழலுக்கு நெறத்த மட்டும் தனியாக் குடுக்க முடியாது. படத்தையே குடுக்கணும். எடுத்த நாளு, எடம், அதுல என்ன இருக்கோ அம்புட்டும் அவ நெனவுல போயிரும்."

"ஆஸ்பத்திரில கெடந்தது அவளுக்குத் தெரியும்கிற."

"தெரியும். இன்னொண்ணு. ஒண்ணாச் சேத்த பெறகு அப்பா வீட்டு மிருதுளா, அம்மா வீட்டு மிருதுளான்னு கெடையாது. இங்க இருக்கவளும் அங்க இருக்கவளும் ஒரே ஆளு. யோசிச்சுச் சொல்லுங்க. வேண்டாம்னா வெள்ளிக்கிழமை அணைச்சிருவாங்க, உங்க விஷயம் யாருக்கும் தெரியப் போறதில்ல."

அவர் யோசித்தார். யோசித்தார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரண்டாவது தடவையும் படத்தைப் பார்த்து இது என் மகள் இல்லை என்று சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை.

"சேத்துரும்மா" என்றார்.

குணவதி வந்தபோது வேலை முடிந்திருந்தது. இரண்டு திரையிலும் ஒரே மிருதுளா கண்ணை மூடி இருந்தாள். தேன் கலந்த கருப்பு. கன்னத்தில் ஒரு மினுமினுப்பு, கழுத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் அடர்த்தி. அம்மாவை விட ஒரு மாற்றுக் கூடுதலாகவே கருப்பு, அம்மா வைத்திருந்ததை விட நிச்சயமாகக் குறைவு. அழகான பெண். யாருமே திருத்தாத முகம் இவ்வளவு அழகாக இருக்கும் என்று ஸ்டூடியோக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

குணவதி திரையைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இவதான்" என்றாள். "இவதாம்மா. எனக்கே மறந்து போச்சே." பிறகு, முதல் தடவையாகக் கணவரைப் பார்த்து, "எங்க கெடச்சுச்சு?" என்று கேட்டாள்.

"பழைய ஹார்டு டிஸ்க் ஒண்ணுல. திருத்தாமக் கெடந்துச்சு."

குணவதி தலையாட்டினாள். "நல்ல வேல செஞ்சீக" என்று சொல்லிவிட்டு, திரையைச் சேலையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் இருந்திருக்கலாம். குணவதியைத் திரும்ப வீட்டுக்கே வந்துவிடச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

பொழுது சாய்ந்ததும் தன் திரையை வீட்டுக்கு எடுத்து வந்து அதன் முன்னால் உட்கார்ந்தார். மிருதுளா கண் திறந்து அவரைப் பார்த்தாள். வழக்கமான சிரிப்பு வரவில்லை.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா. நல்லா இருக்கம்மா நீ."

"கருப்பா இருக்கேன்."

"அதுதாம்மா நல்லா இருக்கு" என்றார். மனதாரச் சொன்னார். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டார்.

அவர் அழுது முடியும் வரை அவள் காத்திருந்தாள். பக்கவாட்டில் யாரையோ பார்ப்பது போல ஒரு முறை கண்ணைத் திருப்பினாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, எனக்குப் புதுசா ஒரு படம் வந்திருக்கு. தலையில கட்டுப் போட்டுக் கெடக்கேன். அப்ப எனக்கு உசுரு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சும்மா."

"இந்தப் படத்த உங்ககிட்டக் காட்டுனாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லிப் பழகிய பொய், நாக்கின் நுனியிலேயே இருந்தது. ஆனால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் அன்றைக்கு ஏட்டின் திரையில் இருந்த நிறத்தில் இருந்தது. இந்தத் தடவை கட்டு இல்லை, வீக்கம் இல்லை. அவருடைய மகள்தான்.

"காட்டுனாங்கம்மா" என்றார். "நீ இல்லன்னு சொல்லிட்டேன். கருப்பா இருந்த, நீ இல்லன்னு நெனச்சேன். என் கையில இருந்த போட்டோவ நம்புனேன். மன்னிச்சிரு சாமி. அந்த ஏட்டு சொன்னது நெசம். நான்தான் பொய் சொன்னேன்."

தெய்வேந்திரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைக்கு நெருங்கி, குரலைத் தாழ்த்தினார். பாரம் இறங்கியவருக்கு வரும் ஒரு லேசு அவர் குரலில் இருந்தது.

"அம்மாகிட்ட மட்டும் இதச் சொல்லிராத தாயி. அவ தாங்க மாட்டா."

"அம்மா இங்க எனக்கு எதிர்லதான்ப்பா உக்காந்திருக்காங்க" என்றாள் மிருதுளா. "காட்டுனாங்களான்னு அம்மாதான் கேக்கச் சொன்னாங்க."